ஏழாவது கட்டத்தில் இருந்த கை

என் மனைவி நாகரத்தினத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில், ஏழாவது கட்டத்தில். கால்களை மடக்கி உட்கார்ந்து, ஒரு சேலை டிசைனின் கிளிப்பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் நிமிர்ந்து, "ஏனுங்க, மத்தியானத்துக்குப் பாசிப்பயறு. தயிர் உங்க டப்பாவுல இருக்குது, கவுத்துப்போடாதீங்க" என்றாள். நான் சரி என்றேன். வேறொன்றும் பேசவில்லை.

எங்கள் நிறுவனம் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. துணி டிசைன் போடும் கணினிகளுக்கு கிராஃபிக்ஸ் கார்டு செய்தோம். ஆட்கள் கூடியபோது மாடி போதவில்லை. கார்டின் நினைவகத்தில் இடம் மிச்சமிருந்தது. எனவே ஊழியர்களை அங்கே உட்காரவைத்தார்கள். மேசைகளைக் கல்யாண மண்டபக்காரர் ஒருவர் எடுத்துப்போனார். ஒரு சிறிய இரும்பு ஏணி வழியாக உள்ளே இறங்க வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே எப்போதும் லேசான வெதுவெதுப்பு இருக்கும். மழைக்காலத்தில் சிலர் விடுமுறை நாளிலும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நினைவகம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டமும் நாலாயிரத்துச் சொச்சம் சிறு இடங்கள் கொண்டது. சில கட்டங்களில் நாங்கள் இருந்தோம். மற்றவற்றில் படங்கள் இருந்தன. வாடிக்கையாளர்கள் போடும் போர்வை, துண்டு, சேலை டிசைன்கள் நொடிக்கு நொடி வந்துபோகும். நாங்கள் ஒன்பது மணிக்கு வந்து ஐந்தரைக்குப் போவோம். நினைவகத்தைப் பொறுத்தவரை இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குத் தெரிந்தது இரண்டுதான்: இந்தக் கட்டம் நிறைந்திருக்கிறது, இந்தக் கட்டம் காலி. நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆளா அன்னாசிப்பழமா என்று அது பார்ப்பதில்லை.

ஏணியின் அடியில் காதர் பாய் ரெஜிஸ்டருடன் இருப்பார். எந்தப் படத்துக்கு எந்தக் கட்டம் என்று எண் கொடுப்பவர் அவர்தான். அந்த எண்ணை வாங்கிக்கொண்டு படத்தைக் கொண்டுபோய் வைப்பதும், அங்கிருந்து எடுத்துத் திரையில் காட்டுவதும் டிரைவர் என்ற நிரலின் வேலை. டிரைவரை எழுதியது நான்.

நான் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன் அல்ல. ஈரோட்டில் பதினாறு வருடம் டிவி ரிப்பேர் செய்தேன். நிரல் எழுதுவதை ஒரு பழைய புத்தகத்திலிருந்து நானே கற்றுக்கொண்டேன். அதில் முதல் நாற்பது பக்கங்கள் இல்லை. எங்கள் மேலாளர் கோதண்டபாணி அது போதும் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். எல்லோரும் அவரைப் பாணி சார் என்போம். நாகரத்தினத்தை அடுத்த வருடம் எடுத்தார்கள். அவள் அதற்கு முன் ஒரு சாயப்பட்டறையில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்ப்பாள், அதைவிட அதிகமாக விரலால் தடவிப் பார்ப்பாள். நிறம் சரியாக இருந்தால் கட்டைவிரலை அழுத்துவாள். சரியில்லை என்றால் ஆள்காட்டி விரல் நகத்தால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு விழுந்த துணியை முதலாளியே கேட்டாலும் அனுப்ப மாட்டார்கள்.

ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கட்டத்தில் டிரைவர் படத்தை வைத்துவிடக் கூடாது. அதற்கு ஒரு அடையாளம் வேண்டும், என்ன வைக்கலாம் என்று பாணி சார் கேட்டார். துண்டு என்றேன். ஈரோடு பேருந்து நிலையத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பார்கள். துண்டு கிடக்கும் சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். இதை நான் நிரலில் இரண்டு வரியாக எழுதினேன். துண்டு விழுந்தால் கட்டம் நிறைந்தது. துண்டை எடுத்தால் கட்டம் காலி.

இதில் இருந்த பிழையைச் சொல்கிறேன். ஒரே கட்டத்தில் இரண்டு துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் துண்டு போட்ட சீட்டில் இன்னொருவர் துண்டு போட்டால் அது அடிதடியில் போய் முடியும். அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பார்க்காததை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஏழாவது கட்டத்தில் நாகரத்தினமும் ஜெசிந்தாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தாவும் நிறம் பார்ப்பவள். முப்பது வயது இருக்கும். தனிக்கட்டம் கொடுத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "அக்காகூட இருந்தா பொழுது போறது தெரியாதுங் பாய். அங்க தனியா உக்காந்து யாருகிட்டப் பேசறது? படம் என்ன, பதில் பேசுமா?" என்று காதர் பாயிடம் கேட்டாளாம். இருவரும் கட்டத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு துண்டு போட்டிருந்தார்கள். நாகரத்தினத்தின் துண்டு காவி நிறம், ஜெசிந்தாவுடையது நீலம்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஜெசிந்தா டீ குடிக்க எழுந்தாள். போகும்போது முகம் துடைக்கத் தன் துண்டை எடுத்துக்கொண்டாள். துண்டு எடுக்கப்பட்டது, கட்டம் காலி என்று டிரைவர் எழுதியது. காதர் பாய் ரெஜிஸ்டரில் பார்த்து, கரூரிலிருந்து வந்த ஒரு போர்வை டிசைனுக்கு ஏழாம் எண்ணைக் கொடுத்தார். அன்னாசிப்பழங்கள் போட்ட போர்வை. டிரைவர் அதைக் கொண்டுபோய் வழக்கம்போல மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக வைத்தது. ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் ஆகியிருக்கும்.

நான் இரண்டாவது கட்டத்தில் இருந்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றரை மணிக்கு நான் டப்பாவை எடுத்துக்கொண்டு ஏழாவது கட்டத்துக்குப் போனேன். ஜெசிந்தா வெளியே நின்றுகொண்டிருந்தாள். துண்டு கையில் இருந்தது. உள்ளே வரிசையாக அன்னாசிப்பழங்கள் இருந்தன. படம் கட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. அதனால் கடைசி வரிசை முழுதாக நிரம்பவில்லை. வலது கீழ்மூலையில் சில நூறு இடங்களில் முன்பு என்ன இருந்ததோ அது அப்படியே இருந்தது. அது நாகரத்தினத்தின் வலது கை. மணிக்கட்டு வரை இருந்தது. இரண்டு வளையல்களில் ஒன்று முழுதாகவும் ஒன்று பாதியாகவும் இருந்தன.

"நான் டீ குடிக்கத்தானுங்ணா போனேன்" என்றாள் ஜெசிந்தா.

"துண்டை எடுத்துட்டுப் போனியா?"

"மூஞ்சி தொடைக்க."

"அக்கா துண்டு?"

"அது அங்கேயேதான் இருக்குதுங்ணா. பாருங்க."

பார்த்தேன். இருந்தது. காதர் பாய் ரெஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எனக்குக் காலின்னுதானுங்க வந்துச்சு" என்று அந்த வரியைக் காட்டினார். அவர் எழுத்து எப்போதும் போலக் குண்டு குண்டாக அழகாக இருந்தது. நான் டப்பாவைத் திறந்து, பாசிப்பயறைச் சாப்பிட்டு முடித்தேன். தயிரைக் கவிழ்க்கவில்லை. என் செருப்புகளைக் கால் மாற்றிப் போட்டிருந்தேன் என்பதை வியாழக்கிழமைதான் கவனித்தேன். இரண்டு நாளும் அப்படியே நடந்திருக்கிறேன்.

சான்றிதழில் மருத்துவர் மரணத்தின் காரணம் என்ற இடத்தில் 'மேலெழுதல்' என்று எழுதிக்கொடுத்தார். தாராபுரத்திலிருந்து அவள் அண்ணன் குப்புராஜ் வந்தார். ஏணியில் இறங்கி ஏழாவது கட்டத்தைக் கொஞ்ச நேரம் எட்டிப்பார்த்தார். கை அப்போது போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. தடவிவிட்டு அன்னாசிப்பழத்தின் மஞ்சளின்மேல் இரண்டு தட்டுத் தட்டியது.

"வேலை செய்யறாளே" என்றார் குப்புராஜ்.

"ஆமாங்க."

"கை இருக்கறப்போ காரியம் பண்றதுக்கு நம்மள்ல முறை இல்லீங் மாப்ள. அது நின்னப்புறம் சொல்லி அனுப்புங்க. எப்ப வேணாலும் வர்றேன்."

மதியப் பேருந்துக்கே கிளம்பிவிட்டார். நான் வீட்டுக்குப் போய் இரண்டு பேருக்குச் சோறு வைத்தேன்.

கரூரிலிருந்து கடிதம் வந்தது. படத்தைத் திரும்ப எடுக்கும்போது டிரைவர் கட்டம் முழுவதையும் எடுத்து அனுப்பியிருந்தது. தாங்கள் கேட்ட போர்வையில் ஒரு கை சேர்ந்து வந்திருப்பதாகவும், கை கேட்கவில்லை என்றும், அதை அகற்றித் தர வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். பாணி சார் பதில் எழுதுவதற்குள் இன்னொரு கடிதம் வந்தது. தவறுதலாக எண்ணூறு போர்வைகள் கையோடு நெய்யப்பட்டுவிட்டன. அவற்றை வாங்கிய வெளிநாட்டுக்காரருக்குக் கை பிடித்திருக்கிறது. மறு ஆர்டரிலும் கை இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு போர்வையை மாதிரிக்கு அனுப்பியிருந்தார்கள். நான் அதைப் பிரித்துத் தொட்டுப்பார்த்தேன். கை சரியாகத்தான் வந்திருந்தது, பாதி வளையல் உட்பட. ஆனால் அது பிரதி. என்னை அதற்குத் தெரியவில்லை.

ஏழாவது கட்டத்துக் கைக்குத் தெரிந்தது. நான் என் கையை நீட்டினால் விரல்களால் என் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தும். காலையில் போனதும் பத்து நிமிடம், மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என்ன பேசுவது என்று தெரியாததால் ஒன்றும் பேசவில்லை. முப்பத்தொரு வருடமாக அதுதான் எங்கள் வழக்கம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ரெஜிஸ்டர்படி ஏழாவது கட்டம் காலி. போர்வைப் படம் தன் வேலை முடிந்து வெளியேறியிருந்தது. காவித் துண்டையும் கணக்கில் இல்லாத பொருள் என்று எடுத்து வைத்துவிட்டார்கள். காலியான கட்டத்தை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அது செல்லாத அணுகல். இந்த விதியை எழுதியதும் நான்தான். ஒவ்வொரு நாளும் மாலை டிரைவர் ஒரு பட்டியல் அச்சிடும். அதில் தினமும் இரண்டு வரி இருக்கும்: 'செல்லாத அணுகல், ஏழாவது கட்டம், சபாபதி. செல்லாத அணுகல், ஏழாவது கட்டம், சபாபதி.' சபாபதி என்பது நான்.

அதைவிடப் பெரிய சிக்கல், காலி என்று இருக்கும்வரை அந்த எண்ணைப் படங்களுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். அடுத்த படம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் கை போய்விடும்.

நான் என் துண்டை ஏழாவதில் போட்டுவிடலாமா என்று காதர் பாயிடம் கேட்டேன்.

"தாராளமாப் போடலாமுங்க. ஆனா போட்டா அது உங்க இடமாயிரும். புதுசா ஒருத்தருக்கு இடம் கொடுத்தா, அதுக்கு முந்தி அதுல இருக்கறதெல்லாம் குப்பைன்னு நீங்கதானே எழுதியிருக்கறீங்க?"

"ஆமா."

"குப்பைன்னா கூட்டறதுக்கு ஆள் வருமுங்க."

உண்மைதான். எல்லா நிரல்காரர்களும் அப்படித்தான் எழுதுகிறோம்.

எனவே டிரைவரில் ஒரு விதிவிலக்கு எழுதினேன். ஏழாம் எண்ணோடு எந்தப் படம் வந்தாலும் அதை ஏழாவதில் வைக்காதே, எட்டாவதில் வை. எட்டாவது கட்டம் அப்போது காலியாக இருந்தது. அந்த வாரம் முழுக்க அது காலியாகத்தான் இருந்தது. பாணி சார் மாற்றங்களைப் படித்துக் கையெழுத்துப் போடுபவர். என்னைக் கூப்பிட்டார்.

"ஏழாவதுக்கு மட்டும் எதுக்குங்க விதிவிலக்கு?"

"என் வீட்டுக்காரி கை அங்க இருக்குதுங்க சார்."

"ம். எத்தனை நாளைக்கு?"

"தெரியலீங்க."

அவர் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'கை' என்றும், காலம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெசிந்தா மூன்று வாரம் விடுப்பில் இருந்தாள். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அவள் மறுபடி வேலைக்கு வந்த அன்று காதர் பாய் அவளுக்கு எட்டாவது கட்டத்தைக் கொடுத்தார். அவள் நீலத் துண்டை ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்து, தலை அசைத்து, அவளுக்கு மொட்டை பொருத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். எட்டு என்று நான் எழுதிவைத்திருப்பது எனக்கு நினைவு வரவில்லை.

ஆறு நாள் கழித்து ஏழாம் எண்ணோடு ஒரு சின்னப் படம் வந்தது. தலையணை உறையின் மூலையில் போடும் ஒற்றை அன்னாசிப்பழம். வைப்பதற்கு முன் கட்டம் காலி என்று குறித்திருக்கிறதா என்று டிரைவர் பார்த்தது. ஏழாவதில் பார்த்தது. காலி என்றிருந்தது. பிறகு விதிவிலக்கின்படி எட்டாவதில் வைத்தது.

மதியம் நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா வந்து கட்டத்தின் ஓரத்தில் நின்றாள். அவளுடைய இடது காது இருந்த இடத்தில் அன்னாசிப்பழம் இருந்தது. கம்மல் அதன் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"காது கேக்குதா?" என்றேன்.

"அதெல்லாம் நல்லாக் கேக்குதுங்ணா. முன்னைக்கு இப்ப பரவால்ல. ஈ மொய்க்கறதுதான் ஒரு தொந்தரவு." அவள் ஒரு ஈயை விரட்டினாள். "எங்க ஊட்டுல மாமியார் வெட்டிப் பார்க்கலாமாங்கறாங்க. போங்கத்தே, மொதல்ல அடுக்களையில கெடக்கற உங்க பலாக்காயை வெட்டுங்கன்னு சொல்லிட்டேன்."

நான் சிரிக்க முயன்றேன். கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

"உங்க டிரைவர்தானுங்ணா?" என்றாள்.

"ஆமா."

"அடுத்தது பெருசா வருமா?"

"தீபாவளி ஆர்டர் வருது. முழுப் போர்வை வரும்."

"அப்ப மூஞ்சியும் போயிரும்." பிறகு கையைப் பார்த்து, "அக்கா நல்லா இருக்கறாங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கறா."

"நான் வந்தேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எட்டாவது கட்டத்துக்கே திரும்பிப்போய் உட்கார்ந்தாள். வேறு கட்டம் இல்லை. பண்டிகைக்காக எல்லாம் நிறைந்திருந்தது. வீட்டில் அவளுக்கு நான்கு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். கணவன் வளைகுடாவில் இருந்தான். வேலையை விட்டுவிட்டு நிற்கக்கூடிய நிலையில் அவள் இல்லை.

அன்று மாலையே எட்டு என்பதை நான் மாற்ற வேண்டியிருந்தது. எந்த எண்ணை எழுதினாலும் அங்கே யாரோ துண்டு போட்டிருந்தார்கள். மூன்றாவதில் சம்பளம் போடுபவர். நான்காவதில் பாணி சார். ஐந்தாவதில் கர்ப்பிணி ஒருத்தி. அவள் துண்டோடு சேர்த்து ஒரு குட்டித் துண்டும் போட்டிருந்தாள். கடைசியில் இரண்டு என்று எழுதினேன். இரண்டாவது கட்டம் என்னுடையது.

படங்கள் என்மேல் விழத் தொடங்கின. முதல் நாள் என் இடது முழங்கையில் கட்டம் போட்ட லுங்கி ஒன்றின் ஓரம் விழுந்தது. சிவப்பும் கருநீலமும். மறுநாள் வலது முட்டியில் ஒரு கைக்குட்டைப் பூ. வலி இல்லை. குளிக்கும்போது சாயம் போகவும் இல்லை. மூன்றாம் நாள் வலது தோளில் பட்டையாக ஒரு ஜமக்காளம் வந்தது. அந்தத் தோளை அதற்குப் பிறகு மடிக்கத்தான் முடிந்தது, தூக்க முடியவில்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பண்டிகைக்குள் என்னில் ஓரிரண்டு நூறு இடங்கள் மிச்சமிருக்கலாம். அந்த இடங்கள் என் வலது கையாக இருக்குமாறு படங்களின் அளவை மாற்றி அமைக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காதர் பாய்க்கு இது தெரிந்திருந்தது. எண் கொடுப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. மதியம் நான் ஏணியடியில் போகும்போது ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏனுங் சபாபதி, நீங்க கையா மிஞ்சீட்டா உங்களை யாரு வந்து பிடிச்சுக்கறது?" என்று கேட்டார்.

"அவ கை இருக்குதுங்களே."

"அது ஏழுல. நீங்க ரெண்டுல. நடுவுல நாலு ஊடு. கை நடந்து வருமா?"

"இல்லீங்க."

"அதைத்தான் கேட்டேன்" என்று அடுத்த வரியை எழுதப் போனார்.

நான் ஏழாவது கட்டத்துக்குப் போய் இடது கையை நீட்டினேன். வலது கைதான் நீட்டுவது வழக்கம். அன்று தோள் காரணமாக மாற்றி நீட்டினேன். கை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. பிறகு, ஏதோ வித்தியாசம் தெரிந்ததுபோல, மெல்ல மேலே நகர்ந்து முழங்கைக்கு வந்தது. லுங்கி விழுந்திருந்த இடத்தில் நின்றது. சிவப்புக் கோட்டைத் தடவியது. கருநீலக் கோட்டைத் தடவியது. சிவப்பும் நீலமும் சேரும் இடத்தை விரல் நுனியால் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்த்தது. சாயப்பட்டறையில் அவள் அப்படித்தான் நெடுநேரம் எடுத்துக்கொள்வாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

பிறகு ஆள்காட்டி விரலைத் தூக்கி, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டியது.

நான் கையை எடுக்காமல் இருந்தேன். மறுபடி இரண்டு தட்டு. அவள் தட்டியதை யாரும் அனுப்பி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கட்டத்துக்குத் திரும்பி, டிரைவரைத் திறந்தேன். விதிவிலக்கை நீக்கினேன். பிறகு முதலிலேயே எழுதியிருக்க வேண்டியவற்றை எழுதினேன். துண்டு எடுக்கப்பட்டதா என்று மட்டும் பார்க்காதே, எத்தனை துண்டு என்று எண்ணு. ஒன்றை எடுத்தால் ஒன்றைக் குறை. ஒன்றும் மிஞ்சாதபோது மட்டுமே கட்டம் காலி. எந்த எண்ணில் சோதனை செய்தாயோ அதே எண்ணில் மட்டும் வை. கட்டத்தின் எல்லைக்கு அப்பால் ஒரு இடம்கூடத் தொடாதே. கட்டம் காலியானால் யாருக்கும் கொடுப்பதற்கு முன் அதில் இருப்பதையெல்லாம் துடைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு சுழியம் போடு. மொத்தம் பதினேழு வரி வந்தது. என் புத்தகத்தில் இல்லாத அந்த நாற்பது பக்கங்களில் இதெல்லாம் இருந்திருக்கலாம்.

பாணி சார் படித்தார். துடைப்பது பற்றிய வரியில் அவர் பேனா நின்றது.

"இது ஏழாவதுக்கும் சேர்த்துத்தானுங்களா?"

"எல்லாத்துக்குமுங்க சார்."

"கரூர்க்காரங்க கை கேட்டாங்களே."

"அவங்ககிட்டப் பிரதி இருக்குதுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். புதிய டிரைவர் மூன்றரை மணிக்கு ஓடத் தொடங்கும் என்று எல்லோருக்கும் சொல்லிவிடச் சொன்னார். ஜெசிந்தா வந்து என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஏழாவது கட்டத்துக்குப் போய், கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தில் ஒட்டியிருந்த மஞ்சளைச் சுரண்டி எடுத்து, பாதி வளையலை நேராக்கி வைத்துவிட்டுப் போனாள். நான் மூன்றேகாலுக்குப் போனேன். வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்து நீட்டினேன்.

மூன்றரைக்குத் துடைப்பு தொடங்கியது. நான் அதை நிதானமாக ஓடும்படி எழுதியிருந்தேன். மேலே காலியாக இருந்த வரிசைகள் முதலில் சுழியங்களாயின. அது நெடுநேரம் எடுத்தது. பிறகு வளையல் போனது, முதலில் பாதி, அப்புறம் முழுசு. பிறகு மணிக்கட்டு. சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி என்று இடமிருந்து வலமாகப் போனது. கட்டைவிரல் கடைசி. அது என் மணிக்கட்டில் அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தம் இருந்தது, பிறகு அந்த இடத்தில் ஒரு சிறு வட்டம் மட்டும் குளிர்ந்து இருந்தது. மாலைப் பட்டியலில் ஒரு வரி வந்தது: 'செல்லாத அணுகல், ஏழாவது கட்டம், சபாபதி, தடுக்கப்பட்டது.' அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் எந்த நாளும் எதுவும் வரவில்லை.

குப்புராஜுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்து காரியத்தை முறைப்படி முடித்துக்கொடுத்தார். என் முழங்கையைப் பார்த்து நல்ல டிசைன் என்றார். தீபாவளி ஆர்டர்கள் எல்லாம் அனுப்பப்பட்டன. ஜெசிந்தாவின் முகத்தில் எதுவும் விழவில்லை. அவளை மறுபடி ஏழாவது கட்டத்துக்கு மாற்றினார்கள். அவள் மகளை அழைத்து வரும் நாட்களில் அங்கே இரண்டு துண்டு கிடக்கும்.

கார்த்திகை மாதம் நிறுவனத்திலிருந்து பார்சல் வண்டி ஒன்று என் வீட்டுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் இரண்டு சணல் சாக்குகளை இறக்கிவைத்துவிட்டுக் காகிதத்தை நீட்டினார். நாகரத்தினம் துடைக்கப்பட்ட ஏழாவது கட்டம் முழுக்கப் போட்ட சுழியங்கள் நிறுவனத்தின் உடைமை அல்ல, வாரிசுக்குச் சேர வேண்டியவை என்று அதில் இருந்தது. எண்ணிக்கை நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு.

"எண்ணிப் பார்த்துக்கறீங்களாங்க?" என்று கேட்டார்.

"சரியா இருக்குமுங்க" என்று கையெழுத்துப் போட்டேன்.

சாக்கைப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு. வெளிறிய சாம்பல் நிறம், எடை இல்லை, வாசனை இல்லை. கொல்லைப்புறக் குழாய் சில நாட்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு சுழியத்தை எடுத்து வாஷராகப் போட்டுப் பார்த்தேன். அளவு பொருந்தியது. ஒழுகுவது நின்றது. மீதி நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்தும் பரணில் இருக்கின்றன.